தெருவைக் கேட்காமல் எழும் மாடிகள்

பக்கத்துக் காலி மனையில் என்ன வரப்போகிறது என்பதை சென்னையின் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பகுதிவாசிகளுக்கு அரசு சொல்வதில்லை. தகரத் தடுப்புதான் சொல்கிறது. பெருங்குடியிலோ துரைப்பாக்கத்திலோ காரப்பாக்கத்திலோ ஒரு பெரிய மனையைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். பைலிங் இயந்திரம் வந்து இறங்குகிறது. காவலாளி வழியாக ‘ஐ.டி. ஆபீஸாம், பதினாலு மாடியாம்’ என்று செய்தி கசிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடியிருப்போர் நலச் சங்கம் கூடிவிடும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு உள்ளூர மகிழ்ச்சி; வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே கவலை. இப்போதே லாரித் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, இனி எங்கே வரப்போகிறது என்பார் ஒருவர். பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமே என்பார் இன்னொருவர். சூடாகத்தான் விவாதம் நடக்கும், அறிவோடும் நடக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு: அவர்கள் பேச உட்காரும்போது கட்டடத்துக்கான அனுமதி கைக்கு வந்து மாதக்கணக்காகியிருக்கும். எந்தத் தரப்பு வென்றாலும் அந்த முடிவைக் கேட்டு எழுதிக்கொள்ள நாற்காலியில் ஆள் இல்லை.

யாரோ ஒரு அதிகாரியின் அலட்சியத்தால் இப்படி நடப்பதாக நினைத்தால் தவறு. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப்பரப்பு கொண்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அனுமதி தருமுன் அந்தந்த மாவட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லும் அதே அறிவிக்கை, கட்டடங்களும் நகரியத் திட்டங்களும் அடங்கிய எட்டாவது இனத்துக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஆலையைப் போல அலுவலகம் புகை கக்குவதில்லை, அங்கே மக்களைக் கேட்க என்ன இருக்கிறது என்பது அதன் பின்னாலுள்ள எண்ணமாக இருக்கலாம். விளைவு என்னவென்றால், விண்ணப்பம் மாநில அளவிலான நிபுணர் குழுவுக்குப் போகிறது, குழு ஆராய்கிறது, அனுமதி பிறக்கிறது. அனுமதி கிடைத்த செய்தியை இரண்டு நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிட வேண்டும், ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது வழக்கமாக விதிக்கப்படும் நிபந்தனை. தெருவுக்குச் சட்டப்படி முதல் தகவல் அங்கேதான் கிடைக்கிறது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். அதாவது, பகுதிவாசி வாய் திறக்க அனுமதிக்கப்படும் முதல் இடமே வழக்கு மன்றம்.

மாநிலத்தின் பக்கமும் இதே கதைதான். குடியிருப்பாக வகைப்படுத்தப்பட்ட நிலத்தை வணிக நிலமாக மாற்றக் கேட்டால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபங்களை வரவேற்கிறது. நிலம் ஏற்கெனவே வணிகத்துக்கோ கலப்புப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கப்பட்டதாக இருந்தால் அந்த விளம்பரமும் இல்லை. திட்ட அனுமதி என்பது விண்ணப்பதாரருக்கும் அலுவலகத்துக்கும் இடையில் முடிந்துவிடுகிற விவகாரம். முழுமைத் திட்டம் வரையும்போது ஆட்சேபம் கேட்டோமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. உண்மைதான், 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஆனால் அன்று வண்ணம் பூசிய வரைபடத்தைப் பார்த்தவர் ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய கட்டடத்துக்கு? உயர்மாடிக் கட்டடத்துக்குப் பொதுவாக அப்போது அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு, 2.5. ஐ.டி. கட்டடங்களுக்கு அதன் மேல் தனிச் சலுகை. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடங்களுக்குப் பொதுவாக அதை 3.25 ஆக்கின, அகலமான சாலையை ஒட்டிய மனைகளில் கட்டணம் செலுத்தினால் இன்னும் பாதி சேர்த்து 4.87 வரை போகலாம். ஒரு ஏக்கர் மனையில் 2.5 என்றால் சுமார் 1.09 லட்சம் சதுர அடி, 4.87 என்றால் 2.12 லட்சம். வரைபடத்தில் நிறம் மாறவில்லை, கட்டடம் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது. அந்த மாற்றத்துக்காகத் தெருவை யாரும் போய்க் கேட்கவில்லை.

சரி, கேட்டால்தான் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் சதுர மீட்டர் அலுவலகம், ஓ.எம்.ஆரில் இது வியப்பூட்டும் அளவு அல்ல. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து சதுர மீட்டர் என்று கொள்கிறது. ஆக, பத்தாயிரம் பேர். அதே தொகுப்பு அலுவலக ஊழியருக்கு நாளுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்கிறது. 4.5 லட்சம் லிட்டர். குழாயில் வராத பட்சத்தில் 12,000 லிட்டர் கொள்ளும் லாரி முப்பத்தேழு, முப்பத்தெட்டு நடை வர வேண்டும், தினமும். ஏ.சி.யின் குளிர்கோபுரம் குடிக்கும் தண்ணீர் இதில் சேராது. கழிவுநீரைச் சுத்திகரித்து அதற்கே பயன்படுத்திக்கொள்வோம் என்று எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுகிறார்கள். நன்றாக நடத்தப்படும் வளாகங்களில் அது நடக்கவும் செய்கிறது. மிஞ்சுவது எங்கே போகிறது என்பது பாதாளச் சாக்கடை அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இல்லையென்றால் லாரி, லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்பது விண்ணப்பத்தில் இருக்காது. அடுத்தது சாலை. பத்தாயிரம் பேரில் ஐந்தில் ஒருவர் மட்டும் காரில் வருவதாக வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் கார். காலையில் இரண்டு மணி நேரத்தில் பரவி வந்தால் மணிக்கு ஆயிரம். நகரச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, இருவழிச் சிறு சாலை இரு திசையும் சேர்த்துத் தாங்குவதாகச் சொல்வதே மணிக்குச் சுமார் 900 கார் அளவுதான். பைக்கையும் கம்பெனிப் பேருந்தையும் ஷேர் ஆட்டோவையும் பள்ளி வேனையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தென்சென்னையில் விவாதம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். ஒரு ஏக்கரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் நான்கு லட்சம் லிட்டர். மனை வெறும் மண்ணாக இருந்தவரை அதில் ஒரு பங்கை அது குடித்தது, இன்னொரு பங்கைத் தேக்கி மெல்ல விட்டது. எல்லையிலிருந்து எல்லை வரை மூன்று அடுக்குக்கு நிலத்தடி வாகன நிறுத்தம் தோண்டிய பிறகு குடிக்க மண் இல்லை. மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஒரு பகுதியைத் தாங்கும், மீதம் தெருவுக்கு. தெருவிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு, கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு. இந்த வழியில் எங்கே குறுகினாலும் தண்ணீர் பின்வாங்கி வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. ஒரு கட்டடம் தன் மனைக்குள் பெய்யும் மழைக்குக் கணக்குக் காட்டுகிறது. நூறு கட்டடங்களின் மழை சேர்ந்து ஒரே மடுவில் விழும்போது அதற்கான கணக்கு யாருடைய மேசையிலும் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பமும் உலகில் தான் மட்டுமே இருப்பது போலப் பரிசீலிக்கப்படுகிறது. கூட்டுக் கணக்கை மனதில் வைத்திருப்பவர்கள் அந்தத் தெருவில் வசிப்பவர்கள் மட்டுமே. எந்த மழைக்கு எந்த மூலையில் எத்தனை படி தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களின் விவாதத்தை நான் மதிப்பதற்குக் காரணம் ஜனநாயகப் பற்று மட்டும் அல்ல. எங்கும் போடப்படாத ஒரு கணக்கு அங்கேதான் போடப்படுகிறது.

ஓ.எம்.ஆரின் வரலாறே இந்தக் கணக்குத் தவறிய வரலாறு. தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் 2000-ல் திறக்கப்பட்டது. அதன் பின் வந்த ஐ.டி. வழித்தடத்தில் முதலில் வந்தது அகலச் சாலையும் சுங்கச்சாவடியும். 2011 வரை பெருங்குடியும் துரைப்பாக்கமும் சோழிங்கநல்லூரும் பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகத்தில் இருந்தன. உலகக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகளுக்குக் குடிநீர் தரவும் சாக்கடை அமைக்கவும் வேண்டிய பொறுப்பு, அதற்கான பணமோ பொறியாளரோ இல்லாத அமைப்புகளிடம் இருந்தது. மாநகராட்சியோடு இணைத்த பிறகும் குழாயும் சாக்கடையும் தெருத் தெருவாகப் பல ஆண்டுகள் இழுத்தன. 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வறண்டபோது, அங்கே சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது உலகச் செய்தியாயிற்று. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்டிலும் நாவலூரில் 2023 அக்டோபரிலும் சுங்கம் நின்றது. சிறுசேரி வரை போகும் மெட்ரோ வழித்தடத்தையும் உள்ளடக்கிய இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். டைடல் திறந்து இருபத்து நான்கு ஆண்டு. முதலில் மாடி, பிறகு சாலை நெரிசல், அதன் பிறகு குழாய், கடைசியில் ரயில் என்கிற இந்த வரிசை தலைகீழ் என்று அன்றே சொல்லியிருக்கக்கூடியவர்கள் அங்கே குடியிருந்தார்கள். கேட்பதற்குத்தான் முறை இல்லை.

முறை இல்லாத இடத்தில் விவாதம் செத்துப்போவதில்லை, இடம் மாறுகிறது. பெங்களூரில் அகரம் ஏரிக்கும் பெல்லந்தூர் ஏரிக்கும் நடுவே, மாநிலத் தொழிற்பகுதி வாரியம் ஒதுக்கிய நிலத்தில் மிகப் பெரிய ஐ.டி. வளாகத் திட்டங்கள் எழுந்தன. ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு மழைநீரைக் கொண்டுபோகும் ராஜகாலுவேக்கள் ஓடும் இடம் அது. குடிமக்கள் அமைப்புகள் 2014-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயின. 2015 மே மாதம் தீர்ப்பாயம் இரு நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் ஐந்து சதவீதத்தை, அதாவது 117.35 கோடியும் 22.5 கோடியும் ரூபாயை, இழப்பீடாக விதித்தது. அடுத்த ஆண்டு இறுதித் தீர்ப்பில், பெங்களூரின் முழுமைத் திட்டத்தில் ஏரியைச் சுற்றி 30 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை 75 மீட்டராக்கியது. கால்வாய்களை ஒட்டிய தடைப் பகுதியையும் கூட்டியது. அந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான மனைக்காரர்கள், கடன் வாங்கி அடுக்ககம் பதிவு செய்திருந்தவர்கள் எல்லோரும் அதில் சிக்கினார்கள். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி வகுத்த முழுமைத் திட்டத்தைத் தீர்ப்பாயம் மாற்றி எழுத முடியாது என்று அந்தத் தூர விரிவாக்கத்தை நீக்கியது. ஐந்து ஆண்டு, இதற்குள் பெல்லந்தூர் ஏரி நுரைத்து, 2017-லும் 2018-லும் தீப்பிடித்தும் எரிந்துவிட்டது. 2022 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பெய்த மழையில் அதே பகுதியின் வெளிவட்டச் சாலையில் ஊழியர்கள் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டபோது, அந்தச் சாலையிலுள்ள நிறுவனங்களின் சங்கம், ஒரே நாளில் 225 கோடி ரூபாய் இழந்தோம் என்று முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. வடிகால் எங்கே, சாலை எங்கே என்று பகுதிவாசிகள் கேட்ட கேள்வியைத்தான் கம்பெனிகளும் கேட்டன, கொஞ்சம் தாமதமாக.

சென்னையிலும் இதே காட்சி வந்துவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பின் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதன் எல்லை எந்தப் புல எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பது தரையில் அளந்து அறிவிக்கப்படாமல் இருந்தது. 2025 செப்டம்பரில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த ஆய்வு முடியும் வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. சதுப்பைக் காக்க அந்த உத்தரவு தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் அது யாரையெல்லாம் தொட்டது என்று பாருங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி மாடி எடுக்கக் காத்திருந்தவரும் லட்சக்கணக்கான சதுர அடி அலுவலகத்துக்கு விண்ணப்பித்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். நீதிமன்றத்தின் கையில் இருப்பது சுத்தியல். அதைக் கொண்டு ஊசி வேலை செய்யச் சொல்ல முடியாது. எந்த மனையில் கட்டலாம், எதில் நிலத்தடி தோண்டக் கூடாது, எந்தத் தெருவில் இன்னும் ஐநூறு கார் தாங்காது என்று நுணுக்கமாகப் பிரித்துப் பேச வேண்டிய காலம் அனுமதிக்கு முந்தைய காலம். அதைத் தவறவிட்டுவிட்டு நீதிமன்றம் மொத்தமாகத் தடை போடுகிறது என்று கட்டுமானத் துறை வருந்துவதில் பொருள் இல்லை.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் வேலைவாய்ப்பு. மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் கம்பெனி ஐதராபாத்துக்குப் போய்விடும் என்பார்கள். இந்தப் பயத்துக்கு உலகம் காட்டும் பெரிய உதாரணம் நியூயார்க். லாங் ஐலண்ட் சிட்டியில் 25,000 வேலைகளோடு இரண்டாம் தலைமையகம் அமைப்பதாக 2018 நவம்பரில் அறிவித்த அமேசான், உள்ளூர் எதிர்ப்பைப் பார்த்து மூன்றே மாதத்தில், 2019 பிப்ரவரி 14 அன்று விலகியது. கருத்துக்கணிப்புகளில் நகரவாசிகளில் பெரும்பான்மையோர் திட்டத்தை ஆதரித்திருந்தும் இப்படி நடந்தது. இதை ‘பேசவிட்டதால் வந்த நஷ்டம்’ என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நியூயார்க்கில் இப்படிப்பட்ட திட்டங்கள் வழக்கமாக வட்டார வாரியத்தில் தொடங்கி நகர்மன்றம் வரை போகும் நில உபயோகப் பரிசீலனையைக் கடக்க வேண்டும், காலக்கெடுவும் உண்டு. இந்தத் திட்டத்தை மாநிலத் திட்டமாக அறிவித்து அந்தப் பாதையையே சுற்றிப்போக ஏற்பாடு செய்திருந்தார்கள். கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகையும் மூடிய அறையில் பேசி முடித்த பிறகே வெளியே வந்தது. பேச இடம் இல்லாத பேச்சு தெருவுக்கு வந்தது. அமேசான் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மன்ஹாட்டனில், சிறப்புச் சலுகை ஏதுமின்றி, 1,500 பேருக்கான அலுவலகத்தை வாடகைக்கு எடுத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாக்குறுதி தந்த 25,000-க்கு அது ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பெனிகள் ஒரு நகரத்துக்கு வருவது அங்கே கிடைக்கும் படித்த மனிதர்களுக்காக; ஒரு கூட்டத்துக்குப் பயந்து அவர்களை விட்டுப்போகிற கம்பெனி, இரண்டு நாள் வெள்ளத்துக்கு எப்படி நிற்கும்?

இரண்டாவது எதிர்வாதத்தில் ஒரு குத்தல் இருக்கிறது. ‘நீங்கள் மட்டும் என்ன, நேற்று ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்ககத்துக்குக் குடிவந்தவர்கள்தானே? வந்து உட்கார்ந்தவுடன் கதவைச் சாத்துகிறீர்களா?’ பல இடங்களில் இந்தக் கேள்வி நியாயம். தென்சென்னையின் அடுக்ககங்களில் எத்தனையோ பேர் நீர்வழியின் மேல் தெரியாமல் வீடு வாங்கியவர்கள். ஆனால் நேற்று வந்தவர் தவறான அனுமதியின் விளைவை இன்று அனுபவிக்கிறார் என்றால், அடுத்த அனுமதியைப் பற்றிச் சாட்சி சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? அவர் பேச்சில் சுயநலம் இருக்கும்தான். கட்டுபவரின் விண்ணப்பத்திலும் சுயநலம்தானே இருக்கிறது. அதை மட்டும் நாம் முதலீடு என்று அழைக்கிறோம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் என்னைத் தயங்க வைக்கிறது. நலச் சங்கம் என்பது யார்? பெரும்பாலும் வீட்டு உரிமையாளர், பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். அதே ஓ.எம்.ஆரில் கண்ணகி நகரும் எழில் நகரும் இருக்கின்றன. நகரத்தின் நடுவிலிருந்து, கூவம் கரையிலிருந்தும் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்காக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே கட்டப்பட்டன. அங்கிருந்து புறப்படும் பெண்கள்தான் இந்த அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறார்கள், ஆண்கள் வாசலில் காவல் நிற்கிறார்கள். புதிய அலுவலகம் என்றால் அவர்களுக்கு வேலை, டீக்கடைக்காரருக்கு வியாபாரம், பி.ஜி. நடத்துபவருக்கு வருமானம். சங்கக் கூட்டத்தில் இவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. நியூயார்க்கிலும் இப்படித்தான் இருந்தது: திட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்த குவீன்ஸ்பிரிட்ஜ் பொதுக் குடியிருப்பின் வாடகைதாரர் சங்கத் தலைமை, எதிர்ப்பாளர்களோடு சேராமல் வேலைகள் வரட்டும் என்றது. ஆகவே சங்கங்களின் ஆட்சேபத்தையே மக்களின் ஆட்சேபம் என்று எடுத்துக்கொண்டால், தெருவில் உரத்துப் பேசுபவருக்கு வீட்டோ அதிகாரம் கொடுத்ததாகும். அந்தத் தவறுக்கு மருந்து யாரையும் கேட்காமல் விடுவது அல்ல. எல்லோரையும் கேட்கும் ஓர் அமைப்பு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022-ல் பகுதி சபாக்கள் கொண்டுவரப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி முதல் கூட்டங்கள் நடந்தபோது பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். பகுதியின் வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர்; அடுக்ககத்துக்காரரும் கண்ணகி நகர்க்காரரும் ஒரே தகுதியில். தெருவிளக்கும் குப்பை வண்டியும் மட்டுமே பேசப்படும் அந்தச் சபா, பத்தாயிரம் பேர் வந்து போகப்போகும் கட்டடத்தைப் பற்றிப் பேசலாகாது என்று ஏன் இருக்க வேண்டும்? வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே வாக்குரிமை இல்லாமல் தங்கியிருக்கும் இளைஞர்களையும் பேசவிட ஒரு வழி செய்ய வேண்டும், அது தனி வேலை.

சொந்த நிலத்தில் விதிப்படி கட்டுபவரை ஊர் தடுக்கலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லும் கடமையைக் கேட்கிறேன். இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. சான் பிரான்சிஸ்கோ நகரவாசிகள் 1986-ல் வாக்கெடுப்பு நடத்தி ஆண்டுக்கு இவ்வளவு சதுர அடிதான் புதிய அலுவலகம் என்று உச்சவரம்பே விதித்தார்கள். அதனால் அந்த ஊரில் சாமானியர் வாழ வழி பிறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதைவிட, 1981-லேயே அந்த நகரம் கொண்டுவந்த இன்னொரு விதி எனக்குப் பிடிக்கிறது: நகர் மையத்தில் அலுவலகம் கட்டுபவர், அதனால் கூடும் பேருந்து, ரயில் செலவுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும் என்றது அது. தமிழ்நாட்டிலும் 2007-ல் நகர ஊரமைப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் வாங்குகிறார்கள். கூடுதல் தளப்பரப்புக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். ஆனால் அது மாநில நிதியில் போய்ச் சேருகிறது. எந்தத் தெருவின் பேரைச் சொல்லி வாங்கினார்களோ அந்தத் தெருவுக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரப்பாக்கத்துக் கட்டடம் கொடுத்த பணத்தில் காரப்பாக்கத்துக்கு வடிகால் வரும் என்று எழுத்தில் இருந்தால், சங்கக் கூட்டத்தில் பாதிக் கோபம் அடங்கிவிடும். மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிந்து கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அந்தப் பூங்கா வளாகத்துச் சுவருக்கு உள்ளே இருக்குமா, தெருவைப் பார்த்து இருக்குமா என்பதைக்கூட இன்று பகுதிவாசி கேட்க முடியாது.

தாமதம் ஆகும் என்பதற்கு விடை காலக்கெடு. விண்ணப்பம் வந்த வாரத்திலேயே மனையின் வாசலில் தமிழில் ஒரு பலகை: எத்தனை சதுர மீட்டர், எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து எத்தனை லிட்டர், கழிவுநீர் எங்கே, வாகனம் எந்த வழியாக, நிலத்தடி எத்தனை அடுக்கு. முப்பது நாளுக்குள் பகுதி சபாவின் ஒரு கூட்டம். குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் பொறியாளரும் போக்குவரத்துக் காவல் அதிகாரியும் வடிகால் பொறியாளரும் அதில் உட்கார்ந்து, இந்தத் தெருவின் குழாயும் சாலையும் இன்று தாங்குவது எவ்வளவு, ஏற்கெனவே அனுமதித்த கட்டடங்கள் அதில் எவ்வளவு தின்றுவிட்டன என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று அனுமதி ஆணையிலேயே எழுத வேண்டும். சில கூட்டங்களில் ‘வரட்டும்’ என்ற முடிவே வரும். மெட்ரோ நிலையத்தை ஒட்டிய மனைகளில் வர வேண்டிய முடிவும் அதுதான். அங்கே வரக்கூடிய அலுவலகத்தைத் தடுத்துச் சதுப்பின் ஓரத்துக்குத் தள்ளுகிற நலச் சங்கம் நகரத்துக்குக் கெடுதல் செய்கிறது என்று அதே கூட்டத்தில் எழுந்து சொல்லவும் ஆள் இருக்க வேண்டும்.

மத்திய அறிவிக்கை திருத்தப்படும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கருத்துக்கேட்பு கட்டாயமில்லை என்றுதான் அது சொல்கிறது. மாநிலம் தன் கட்டட விதிகளின் கீழ் தானாகவே கேட்பதை அது தடுக்கவில்லை. 2027 முதல் 2046 வரைக்குமான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்த நிலத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யும் அதே ஆவணத்தில், நிறத்தோடு சேர்த்து ஒவ்வொரு பகுதிக்கும் தண்ணீர், கழிவுநீர், சாலை, வடிகால் ஆகியவற்றின் தாங்குதிறனையும் எண்ணாகப் போட்டு, அது நிரம்பும்போது புதிய உயர்மாடிக்கு அனுமதி தானாகவே நிற்கும் என்று எழுதினால், பிறகு வரும் ஒவ்வொரு கட்டடத்தைப் பற்றியும் சங்கம் கூட்டிச் சண்டை போட வேண்டிய தேவை பாதியாகக் குறையும். வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. தகரத் தடுப்புக்கு முன்பே பேச இந்தத் தலைமுறைக்குக் கிடைக்கப்போகும் ஒரே சந்தர்ப்பம் அந்த இரண்டு மாதம்தான்.